சில்லுக்குள் ஒளிந்திருக்கும் மின்தடையும் மின்தேக்கியும்

பழைய டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டி ஒன்றைத் திறந்து பார்த்தால், உள்ளே பலவகை உறுப்புகள் நெருக்கமாக நிற்பதைக் காணலாம். வண்ணக் கோடுகள் போட்ட சிறு உருளைகள் மின்தடைகள். பொத்தானைப் போலத் தட்டையாகவும் குப்பியைப் போல நீண்டும் இருப்பவை மின்தேக்கிகள். மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றிச் செய்தவை மின்தூண்டிகள். இவற்றிற்கிடையே மூன்று கால்களுடன் ஆறேழு டிரான்சிஸ்டர்கள் நிற்கும்.

டிரான்சிஸ்டர் சைகையைப் பெருக்கித் தரும். ஆகவே அது செயலுறு உறுப்பு எனப்படும். மின்தடை, மின்தேக்கி, மின்தூண்டி ஆகியவை பெருக்குவதில்லை. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தவும், மின்னூட்டத்தைத் தேக்கவும், மாற்றத்தை எதிர்க்கவும் மட்டுமே செய்யும். இவற்றைச் செயலறு உறுப்புகள் என்பர்.

இப்போது எட்டுக் கால்களுள்ள 741 என்னும் தொகுப்புச் சுற்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். கல்லூரி ஆய்வுக்கூடங்களில் மிகவும் பழக்கமான பெருக்கி இது. இதன் கறுப்பு உறைக்குள் இருக்கும் சிலிக்கன் சில்லின் பக்கம் ஒன்றரை மி.மீ. அளவே இருக்கும். அதற்குள் சுமார் 20 டிரான்சிஸ்டர்களும், பத்துக்கு மேற்பட்ட மின்தடைகளும், ஒரு மின்தேக்கியும் உள்ளன. வண்ணக் கோடு போட்ட உருளை எங்கே? பொத்தான் போன்ற மின்தேக்கி எங்கே? ஒரே சிலிக்கன் துண்டு எவ்வாறு மின்தடையாகவும் மின்தேக்கியாகவும் வேடம் போடுகிறது? இதனை இக்கட்டுரையில் காண்போம்.

கில்பியின் துணிவு

1958-ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் ஜாக் கில்பி என்னும் பொறியியலர் புதிதாகச் சேர்ந்திருந்தார். ஜூலை மாதத்தில் ஊழியர்கள் அனைவரும் விடுமுறையில் சென்றனர். புதியவரான கில்பிக்கு விடுமுறை இல்லை. ஆளில்லாத ஆய்வுக்கூடத்தில் அவர் ஒரு கேள்வியைச் சிந்தித்தார்: டிரான்சிஸ்டரைக் குறைகடத்தியால் செய்கிறோம், மின்தடையையும் மின்தேக்கியையும் ஏன் அதே குறைகடத்தியால் செய்யக்கூடாது?

கேட்பதற்கு எளிய கேள்வியாகத் தோன்றும். ஆனால் அக்காலத்தில் இது வேண்டாத வேலையாகவே பட்டிருக்கும். கரித்தூளால் ஆன மின்தடை மிக மலிவாகக் கிடைக்கும்போது, அரிதில் தூய்மை செய்த விலையுயர்ந்த குறைகடத்தியைக் கொண்டு அதைவிட மட்டமான மின்தடை ஒன்றைச் செய்வானேன்? கில்பி கண்ட உண்மை வேறு. தனித்தனியே பார்த்தால் அது வீண்செலவுதான். ஆனால் எல்லா உறுப்புகளும் ஒரே பொருளால் ஆகிவிட்டால், அவற்றைத் தனித்தனியே செய்து, பொறுக்கி, பற்றவைக்க வேண்டியதில்லை. முழுச் சுற்றையும் ஒரே துண்டில் உருவாக்கிவிடலாம்.

1958 செப்டம்பர் 12 அன்று ஜெர்மானியத் துண்டு ஒன்றில் அவர் அமைத்த அலையியற்றி வேலை செய்தது. அதில் ஜெர்மானியமே மின்தடையாகவும், பி-என் சந்தியே மின்தேக்கியாகவும் பயன்பட்டன. உறுப்புகளை மட்டும் மெல்லிய பொற்கம்பிகளால் இணைக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு, ஃபேர்சைல்டு நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் நாய்ஸ், சிலிக்கன் மீது ஆக்சைடு படலத்தை வளர்த்து, அதன்மேல் படியவைத்த உலோகப் பட்டைகளாலேயே இணைப்புகளை அமைக்கும் முறையைக் கூறினார். இவ்விருவர் கருத்துகளும் சேர்ந்ததே இன்றைய தொகுப்புச் சுற்று. கில்பிக்கு 2000-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நாய்ஸ் 1990-லேயே காலமாகிவிட்டார்.

ஒரே அடுப்பில் இரண்டு சமையல்

சிலிக்கனில் போரான் அணுக்களைச் சிறிதளவு கலந்தால் அது பி-வகை ஆகிறது. பாஸ்பரஸ் கலந்தால் என்-வகை ஆகிறது என்று படித்திருப்பீர்கள். சில்லைச் செய்யும்போது சிலிக்கன் வில்லையின் மேல் ஆக்சைடு படலம் வளர்த்து, தேவையான இடங்களில் மட்டும் அதில் சன்னல்களைத் திறப்பார்கள். பின்னர் ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள உலையில் வைத்து, மாசு அணுக்களை அச்சன்னல்களின் வழியே உள்ளே விரவச் செய்வார்கள்.

741 போன்ற சில்லுகளில், பி-வகை அடித்தளத்தின்மேல் என்-வகைத் தீவுகள் பல இருக்கும். ஒவ்வொரு தீவிலும் போரானை விரவச் செய்தால் டிரான்சிஸ்டரின் அடிவாய் உருவாகிறது. அதனுள் பாஸ்பரஸை மிகுதியாக விரவச் செய்தால் உமிழ்ப்பான் உருவாகிறது. தீவின் எஞ்சிய பகுதியே ஏற்பான்.

இங்கேதான் சிக்கனம் தொடங்குகிறது. மின்தடை செய்வதற்கென்று தனிப்படியாக எதையும் செய்வதில்லை. அடிவாய்க்காகப் போரானை விரவும்போதே, பக்கத்துத் தீவில் நீண்ட குறுகிய சன்னல் ஒன்றையும் திறந்து வைக்கிறார்கள். அங்கே பி-வகைப் பட்டை ஒன்று உருவாகிறது. இரு முனைகளிலும் அலுமினியத் தொடுமுனை வைத்தால் அதுவே மின்தடை. பட்டையில் செல்லும் மின்னோட்டம் தீவுக்குள் கசியாதா என்று கேட்கலாம். தீவைச் சுற்றின் மிக உயர்ந்த நேர் மின்னழுத்தத்துடன் இணைத்துவிடுகிறார்கள். அப்போது பட்டைக்கும் தீவுக்கும் இடையிலுள்ள சந்தி எப்போதும் பின்னோக்குச் சார்பிலேயே இருக்கும், மின்னோட்டம் செல்லாது. சந்தியே வேலியாகிவிடுகிறது.

சதுரங்களை எண்ணினால் போதும்

ஒரு கடத்தியின் மின்தடைக்கான வாய்பாடு உங்களுக்குத் தெரியும்:

மின்தடை = மின்தடை எண் × நீளம் ÷ (அகலம் × தடிமன்)

சில்லில் எல்லாப் பட்டைகளும் ஒரே சமயத்தில் ஒரே உலையில் உருவானவை. ஆகவே அவற்றின் மின்தடை எண்ணும் தடிமனும் ஒன்றே. மின்தடை எண்ணைத் தடிமனால் வகுத்து வருவதைப் படலத் தடை என்று அழைப்போம். அப்போது வாய்பாடு எளிதாகிவிடுகிறது:

மின்தடை = படலத் தடை × (நீளம் ÷ அகலம்)

நீளத்தை அகலத்தால் வகுத்தால் கிடைப்பது என்ன? அந்தப் பட்டையை எத்தனை சதுரங்களாக வெட்டலாம் என்னும் எண்ணிக்கைதான்! சதுரம் பெரியதா சிறியதா என்பது பொருட்டன்று. அடிவாய்ப் படலத்தின் தடை சதுரத்துக்கு 100 முதல் 200 ஓம் வரை இருக்கும். 200 ஓம் எனக் கொண்டால், 10 கிலோஓம் மின்தடைக்கு 50 சதுரங்கள் வேண்டும். பட்டையின் அகலம் 10 மைக்ரான் என்றால் நீளம் 500 மைக்ரான், அதாவது அரை மி.மீ. ஒன்றரை மி.மீ. பக்கமுள்ள சில்லில் இது சிறிய நீளமன்று. ஆகவே பட்டையை நேராக வைக்காமல் பாம்பு போல வளைத்து மடக்கி வைப்பார்கள். வளைவின் மூலைச் சதுரத்தில் மின்னோட்டம் உள்மூலையை ஒட்டிக் குறுக்கே செல்வதால், அதனை ஏறத்தாழ அரைச் சதுரமாகவே கணக்கிட வேண்டும்.

மிகச் சிறிய மின்தடைக்கு, மாசு மிகுந்த உமிழ்ப்பான் படலத்தைப் பயன்படுத்துவர். அது சதுரத்துக்குச் சில ஓம்கள் மட்டுமே. பெரிய மின்தடை வேண்டுமென்றால், அடிவாய்ப் பட்டையின்மேல் உமிழ்ப்பான் படலத்தை மூடி, மின்னோட்டம் செல்லும் வழியை மெல்லியதாக நெரித்துவிடுவர். அப்போது சதுரத்துக்குப் பல ஆயிரம் ஓம் கிடைக்கும். ஆனால் அதன் அளவைத் திட்டமாகச் சொல்ல இயலாது.

செய்து பாருங்கள்

சதுரங்களை எண்ணும் முறையை வீட்டிலேயே சோதிக்கலாம். வரைகட்டத் தாளில் மூன்று செவ்வகங்களை வரையுங்கள்: முதலாவது 1 செ.மீ. அகலம், 4 செ.மீ. நீளம், இரண்டாவது 2 செ.மீ. அகலம், 8 செ.மீ. நீளம், மூன்றாவது 1 செ.மீ. அகலம், 8 செ.மீ. நீளம். மென்மையான 6பி பென்சிலால் மூன்றையும் ஒரே சீராக, கறுகறுவென்று பளபளக்கும்வரை பூசுங்கள். ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் அலுமினியத் தாள் துண்டை முழு அகலத்துக்கும் அழுத்திப் பிடித்து, மல்டிமீட்டரால் மின்தடையை அளவிடுங்கள். முதலிரண்டும் நான்கு சதுரங்களே. ஆகவே பரப்பில் நான்கு மடங்கு வேறுபாடு இருந்தும் அவற்றின் மின்தடைகள் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். மூன்றாவது எட்டுச் சதுரம். அதன் மின்தடை சுமார் இரு மடங்காக இருக்கும்.

உங்கள் நண்பரையும் இதையே செய்யச் சொல்லுங்கள். அவர் பென்சிலை அழுத்தும் விதம் வேறு. அவர் பெறும் ஓம் அளவுகள் உங்களுடையவற்றிலிருந்து வெகுவாக மாறுபடும். ஆனால் மூன்றாவதற்கும் முதலாவதற்கும் உள்ள விகிதம் இருவருக்கும் இரண்டை ஒட்டியே வரும். இந்த விகிதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சில்லு வடிவமைப்பின் உயிர்நாடி அதில்தான் இருக்கிறது.

அளவு பொய்க்கும், விகிதம் பொய்க்காது

உலையின் வெப்பம் சற்றே மாறினாலும் போரான் விரவும் ஆழம் மாறிவிடும். ஆகவே 10 கிலோஓம் என்று திட்டமிட்ட மின்தடை 8 கிலோஓமாகவோ 12 கிலோஓமாகவோ அமையலாம். 20 சதவீதப் பிழை இங்கே இயல்பு. போதாக்குறைக்கு வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் 0.15 முதல் 0.2 சதவீதம் வரை மின்தடை கூடும். கடையில் வாங்கும் சாதாரண மின்தடை இதைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் ஒரே சில்லில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரு மின்தடைகளைப் பாருங்கள். ஒரே ஈட்டில் வெந்த இட்லிகளைப் போல அவை ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும். ஒன்று 20 சதவீதம் கூடினால் மற்றதும் அதே அளவு கூடும். ஒன்று சூடானால் மற்றதும் சூடாகும். அகலமான பட்டைகளாக அமைத்தால் அவற்றின் விகிதத்தை ஒரு சதவீதத்துக்கும் குறைந்த பிழையுடன் பெறலாம்.

ஆகவே சில்லை வடிவமைப்பவர் ஓம் அளவை நம்புவதில்லை; விகிதத்தையே நம்புகிறார். பின்னூட்டமுள்ள பெருக்கி ஒன்றின் பெருக்கம் 10 கிலோஓமுக்கும் 1 கிலோஓமுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது எனக் கொள்வோம். பெருக்கம் 10. இரண்டும் 20 சதவீதம் கூடி, 12 கிலோஓமும் 1.2 கிலோஓமும் ஆகிவிட்டன. பெருக்கம் அப்போதும் 10 தானே! மட்டமான உறுப்புகளைக் கொண்டு துல்லியமான கருவியைச் செய்யும் வித்தை இது.

மின்தேக்கியின் இரண்டு வேடங்கள்

பின்னோக்குச் சார்பில் உள்ள பி-என் சந்தியில் மின்னூட்ட ஊர்திகள் இல்லாத இயக்கமில்லாப் பகுதி ஒன்று உண்டு. இருபுறமும் கடத்தும் பகுதிகள், நடுவே கடத்தாப் பகுதி என்றால் அது மின்தேக்கிதானே! கில்பி பயன்படுத்தியது இதனையே. ஆனால் மின்னழுத்தம் மாறினால் இப்பகுதியின் தடிமனும் மாறுவதால், மின்தேக்குதிறனும் மாறிக்கொண்டே இருக்கும். மேலும் சந்தி முன்னோக்குச் சார்புக்குத் திரும்பிவிட்டால் மின்தேக்கி என்பதே இல்லாமற்போகும்.

இரண்டாவது வகை இதனினும் சிறந்தது. மாசு மிகுந்த உமிழ்ப்பான் படலம் கீழ்த்தகடு. அதன்மேல் வளர்த்த மெல்லிய சிலிக்கன் டையாக்சைடு மின்காப்புப் பொருள். அதற்கும் மேலே அலுமினியம் மேல்தகடு. பள்ளியில் படிக்கும் இணைத்தகட்டு மின்தேக்கியே இது. ஆக்சைடின் ஒப்புமை விடுதிறன் 3.9. தடிமன் 0.1 மைக்ரான் எனக் கொண்டு கணக்கிட்டால், ஒரு சதுர மி.மீ. பரப்புக்குச் சுமார் 345 பிக்கோஃபாரடு கிடைக்கிறது.

வானொலியில் நாம் சாதாரணமாகக் காணும் ஒரு மைக்ரோஃபாரடு மின்தேக்கியை இம்முறையில் செய்ய முயன்றால் என்ன ஆகும்? ஒரு மைக்ரோஃபாரடு என்பது பத்து இலட்சம் பிக்கோஃபாரடு. 345-ஆல் வகுத்தால் சுமார் 2900 சதுர மி.மீ., அதாவது பக்கத்துக்கு 5.4 செ.மீ. உள்ள சதுரம்! மூன்று அங்குல விட்டமுள்ள சிலிக்கன் வில்லையில் இச்சதுரம் நான்கு மூலைகளும் விளிம்பைத் தொடும்படி நிற்கும். நூற்றுக்கணக்கான சில்லுகளைத் தரவேண்டிய வில்லை, ஒரே ஒரு மின்தேக்கிக்குச் சரியாகிவிடும்.

ஆக்சைடை இன்னும் மெல்லியதாக்கலாமே என்று நினைக்கலாம். மெல்லியதாக்க ஆக்சைடு தாங்கும் மின்னழுத்தமும் குறையும். அதற்கும் ஓர் எல்லை உண்டு.

30 பிக்கோஃபாரடின் கதை

1965-இல் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் பாப் விட்லர் வடிவமைத்த 709 என்னும் பெருக்கி வெளிவந்தது. சிறந்த பெருக்கியாயினும் அதனைக் கையாள்வது கடினம். எந்தப் பெருக்கியிலும் அதிர்வெண் உயர உயர, வெளியீடு உள்ளீட்டுக்குப் பின்தங்கும். ஓர் அளவுக்குமேல் பின்தங்கினால், எதிராக வரவேண்டிய பின்னூட்டம் துணையாக வந்து சேரும். பெருக்கி தானே ஊளையிடத் தொடங்கிவிடும். இதைத் தடுக்க, உயர் அதிர்வெண்களில் பெருக்கத்தை முன்கூட்டியே குறைத்துவிட வேண்டும். அதற்காக 709-உக்கு வெளியே இரண்டு மின்தேக்கிகளையும் ஒரு மின்தடையையும் பயனாளரே இணைக்க வேண்டியிருந்தது. தவறாக இணைத்தவர்களுக்குப் பெருக்கிக்குப் பதில் அலையியற்றிதான் கிடைத்தது.

1968-இல் அதே நிறுவனத்தில் டேவ் ஃபுல்லகர் வடிவமைத்த 741-இல் அந்தத் தொல்லை நீங்கியது. அவர் 30 பிக்கோஃபாரடு மின்தேக்கி ஒன்றைச் சில்லுக்குள்ளேயே வைத்துவிட்டார். நம் கணக்கின்படி அதற்கு 0.087 சதுர மி.மீ. வேண்டும், பக்கத்துக்கு 0.3 மி.மீ. அந்த இடத்தில் பல டிரான்சிஸ்டர்களை வைத்திருக்கலாம். ஆயினும் அந்த இடம் வீணாகவில்லை. பயனாளர் எதையும் கூடுதலாக இணைக்காமலே பெருக்கி நிலைத்து நின்றது.

வெறும் 30 பிக்கோஃபாரடு எப்படிப் போதும்? அதனைத் தரைக்கு இணைக்காமல், பெருக்கும் நிலை ஒன்றின் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் குறுக்கே இணைத்திருக்கிறார்கள். உள்ளீடு ஒரு பங்கு உயரும்போது வெளியீடு 500 பங்கு எதிர்த்திசையில் இறங்குகிறது எனக் கொள்வோம். மின்தேக்கியின் இரு முனைகளுக்கிடையே 501 பங்கு மாற்றம் ஏற்படுவதால், உள்ளீட்டிலிருந்து பார்க்கும்போது அது 501 மடங்கு பெரிய மின்தேக்கியாக, அதாவது சுமார் 15,000 பிக்கோஃபாரடாகத் தோன்றும். இதனை மில்லர் விளைவு என்பர்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. அம்மின்தேக்கியை நிரப்ப உள்ளிருந்து கிடைக்கும் மின்னோட்டம் 15 மைக்ரோஆம்பியர் அளவே. மின்னோட்டத்தை மின்தேக்குதிறனால் வகுத்தால் மின்னழுத்தம் மாறும் வேகம் கிடைக்கும்: 15 மைக்ரோஆம்பியர் ÷ 30 பிக்கோஃபாரடு = மைக்ரோசெகண்டுக்கு 0.5 வோல்ட். இதைவிட வேகமாக 741-இன் வெளியீடு ஏறவோ இறங்கவோ இயலாது. 10 வோல்ட் உச்சமுள்ள சைன் அலையை இதில் செலுத்தினால், 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அலை முக்கோணமாக உருச்சிதைவதை அலைகாட்டியில் காணலாம். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிறு மின்தேக்கியின் கைவண்ணமே அது.

தலைகீழான விலைப்பட்டியல்

கடையில் மின்தடை மலிவு. டிரான்சிஸ்டர் விலை அதிகம். சில்லுக்குள் இந்தப் பட்டியல் தலைகீழாகிறது. அங்கே உறுப்புக்கு விலையில்லை. அது அடைத்துக்கொள்ளும் பரப்புக்கே விலை. பரப்பு கூடினால் ஒரு வில்லையில் கிடைக்கும் சில்லுகள் குறையும். அதோடு, வில்லையில் ஆங்காங்கே உள்ள குறைகளில் ஒன்றாவது சில்லின்மேல் விழும் வாய்ப்பும் கூடும். கழித்துப்போட வேண்டிய சில்லுகள் பெருகும். ஆகவே டிரான்சிஸ்டர் மலிவு, பெரிய மின்தடை விலை உயர்ந்தது, மின்தேக்கி அதனினும் விலை உயர்ந்தது. எனவே பெரிய மின்தடை வேண்டிய இடத்தில் மின்னோட்டத்தை மாறாமல் தரும் டிரான்சிஸ்டர் ஒன்றை வைத்துவிடுவது வழக்கம்.

மின்தேக்கியைக் கொண்டே மின்தடையைச் செய்யும் வழியும் உண்டு. ஒரு மின்தேக்கியை ஒருபுறம் நிரப்பி, மறுபுறம் கொட்டி, மீண்டும் நிரப்பிக் கொட்டினால், ஒவ்வொரு முறையும் குறிப்பிட்ட அளவு மின்னூட்டம் கடக்கிறது. ஏற்றம் இறைப்பதுபோல, வாளி வாளியாக இறைத்தாலும் சராசரியில் ஓர் ஓட்டம் கிடைக்கிறதல்லவா? இதற்குச் சமமான மின்தடை = 1 ÷ (அதிர்வெண் × மின்தேக்குதிறன்). 1 பிக்கோஃபாரடை வினாடிக்கு 1,00,000 முறை இறைத்தால் அது 10 மெகாஓமுக்குச் சமம்! இதையே அடிவாய்ப் பட்டையால் செய்ய 50,000 சதுரங்கள் வேண்டும். 10 மைக்ரான் அகலமுள்ள பட்டை அரை மீட்டர் நீளும். 1 பிக்கோஃபாரடுக்கோ பக்கத்துக்கு 54 மைக்ரான் உள்ள சதுரம் போதும். இக்கருத்து 1873-இல் மாக்ஸ்வெல் வெளியிட்ட மின்காந்தவியல் நூலிலேயே உள்ளது. நூறாண்டுகளுக்குப் பின், 1970-களின் இறுதியில், தொலைபேசிச் சில்லுகளின் வடிப்பான்களில் அது உயிர்பெற்றது.

முரண்டு பிடிக்கும் மின்தூண்டி

மின்தூண்டிதான் சில்லுக்குள் எளிதில் அடங்காத உறுப்பு. பல சுற்றுகளும், நல்ல பரப்பும், இரும்பு போன்ற உள்ளகமும் இருந்தால்தான் மின்தூண்டல் எண் பெரிதாகும். தட்டையான சில்லில் இவற்றுக்கு இடமேது? அலுமினியப் பட்டையைக் கோலத்துச் சுழி போலச் சுற்றிப் படியவைத்தால் சில நானோஹென்றியே கிடைக்கும். 5 நானோஹென்றி என்றால், 1 மெகாஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு 0.03 ஓம் மட்டுமே. அதனால் பயனில்லை. ஆனால் 2400 மெகாஹெர்ட்ஸில் அதே சுழி 75 ஓம் மறுப்பைத் தரும். ஆகவே கைப்பேசி போன்ற மிக உயர் அதிர்வெண் கருவிகள் பெருகிய 1990-களிலிருந்து, பயனற்றது என்று ஒதுக்கிய சுழிக்கு மவுசு வந்துவிட்டது. தாழ்ந்த அதிர்வெண்களிலோ, பெருக்கிகளையும் மின்தேக்கியையும் சேர்த்து மின்தூண்டியைப்போல நடிக்கச் செய்கிறார்கள்.

ஒரு பொருள் எதனால் ஆனது என்பதைவிட, அதன் வடிவமும் அது இணைந்திருக்கும் முறையும் அதன் பணியைத் தீர்மானிக்கின்றன என்பதைச் சில்லு நமக்குக் காட்டுகிறது. மட்டமான மின்தடையையும் மிகச் சிறிய மின்தேக்கியையும் குறையென்று ஒதுக்காமல், விகிதத்தாலும் இணைப்பாலும் அக்குறைகளை வென்றதே இத்துறையின் வெற்றி.

கணக்கிட்டுப் பாருங்கள்

1. உமிழ்ப்பான் படலத்தின் தடை சதுரத்துக்கு 5 ஓம். 10 மைக்ரான் அகலமுள்ள பட்டையால் 100 ஓம் மின்தடை செய்ய எவ்வளவு நீளம் வேண்டும்?

2. ஆக்சைடின் தடிமனை 0.05 மைக்ரானாகக் குறைத்தால் 30 பிக்கோஃபாரடுக்கு எவ்வளவு பரப்பு வேண்டும்? இதனால் இழப்பது என்ன?

விடைகள்: 1. 20 சதுரங்கள், 200 மைக்ரான். 2. பரப்பு பாதியாகி, சுமார் 0.0435 சதுர மி.மீ. ஆகும், ஆனால் மின்தேக்கி தாங்கும் மின்னழுத்தமும் ஏறத்தாழப் பாதியாகிவிடும்.